உடற்கல்வியை விருப்பப் பாடமாக எடுப்பவர்களுக்கு: பதினொன்றாம் வகுப்பின் முதல் நாளிலிருந்து பொதுத்தேர்வு வரை

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் சேரும் மாணவர்களில் பலர், ஆங்கிலத்தோடு மூன்று முதன்மைப் பாடங்களை முடிவு செய்துவிட்டு, ஐந்தாவது பாடமாக எதை எடுப்பது என்ற கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கணினி அறிவியல், பொருளாதாரம் ஆகியவற்றோடு உடற்கல்வியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. "சும்மா விளையாடினால் போதும், மதிப்பெண் வந்துவிடும்" என்று சொல்லிச் சேர்ப்பவர்களும் உண்டு, "படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இது?" என்று தடுப்பவர்களும் உண்டு. இருவருமே பாடநூலைத் திறந்து பார்த்தவர்களாக இருக்க வாய்ப்பில்லை. உடலியங்கியல், உயிரியக்கவியல், உளவியல், ஊட்டச்சத்து, போட்டி நிர்வாகம், அளவீடு என்று பல துறைகளின் அடிப்படைகளை ஒரே இடத்தில் சேர்த்துக் கற்பிக்கும் பாடம் இது. முறையாகப் படித்தால் நல்ல மதிப்பெண் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த முறை என்ன என்பதைப் புதியவர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. இந்தக் கட்டுரை அதற்காகவே எழுதப்படுகிறது.

முதலில்: எந்தப் பாடத்தில் சேர்கிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 'உடற்கல்வி' என்ற பெயர் இரண்டு இடங்களில் வருகிறது. எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமான உடல்நலமும் உடற்கல்வியும் என்ற பகுதி ஒன்று. அதற்குப் பொதுத்தேர்வு கிடையாது, பள்ளியே மதிப்பிட்டுத் தரநிலை வழங்கும். நாம் பேசுவது 048 என்ற குறியீடு கொண்ட விருப்பப் பாடத்தை. இதற்கு எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், செய்முறைத் தேர்வு 30 மதிப்பெண் என மொத்தம் 100 உண்டு. மதிப்பெண் பட்டியலில் மற்றப் பாடங்களுக்குச் சமமான இடத்தில் இது அச்சாகும். தேர்ச்சி பெற எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியாக 33 விழுக்காடு எடுக்க வேண்டும். இது இரண்டாண்டுப் பாடம் என்பதால், பதினொன்றாம் வகுப்பில் படிக்காமல் பன்னிரண்டில் நேராக வந்து சேர்ந்துகொள்ள எண்ணக்கூடாது.

சேரும்முன் பெற்றோரோடு அமர்ந்து பேச வேண்டியது உயர்கல்வியைப் பற்றி. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண் கட்-ஆஃப், கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றிலிருந்து மட்டுமே கணக்கிடப்படுகிறது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்விலும் உடற்கல்விக்கு இடமில்லை. ஆகவே அறிவியல் பிரிவு மாணவருக்கு இது கட்-ஆஃப்பை உயர்த்தவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. மொத்த விழுக்காட்டைப் பார்க்கும் கல்லூரிகளில் மட்டும் பயன்படும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வில் உடற்கல்வியும் ஒரு தேர்வுப் பாடமாக வைக்கப்பட்டிருப்பதால், கலை மற்றும் வணிகவியல் பிரிவு மாணவர்களுக்கு இதன் பயன் இன்னும் நேரடியானது.

அடிக்கடி நிகழும் ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். உடற்கல்வியைப் பாடமாகப் படித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒதுக்கீடு, அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் பங்கேற்றோ வென்றோ பெற்ற சான்றிதழ்களைப் பொறுத்தது. பாடத்தில் எடுத்த மதிப்பெண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதன் மறுபக்கமும் உண்மை: மாநில அணியில் ஆடாதவர், ஓட்டத்தில் கடைசியாக வருபவர், இதுவரை எந்த அணியிலும் சேராதவர் ஆகிய எவரும் இந்தப் பாடத்தை எடுத்துச் சிறப்பாகச் செய்யலாம்.

இரண்டாவதாக: பாடத்திட்டத்தையும் ஓர் ஆட்டத்தையும் கையில் எடுங்கள்

சி.பி.எஸ்.இ. வாரியத்தின் கல்விப் பிரிவு இணையதளத்தில் ஒவ்வொரு கல்வியாண்டுக்குமான பாடத்திட்டமும், மாதிரி வினாத்தாளும், அதற்கான மதிப்பெண் வழங்கும் முறையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கடையில் வழிகாட்டி நூல் வாங்குவதற்கு முன் இம்மூன்றையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பு நூல்கள் கைமாறி வருவது வழக்கம். அவற்றில் நீக்கப்பட்ட பகுதிகள் இருக்கும், புதியவை இருக்காது. எடுத்துக்காட்டாக, ஒலிம்பிக் குறிக்கோளான 'வேகமாக, உயரமாக, வலிமையாக' என்பதோடு 2021ஆம் ஆண்டு 'ஒன்றிணைந்து' என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய நூலை வைத்துப் படிப்பவர் பதினொன்றாம் வகுப்பின் ஒலிம்பிக் பகுதியில் ஒரு மதிப்பெண்ணை வீணாக இழப்பார்.

இரண்டு ஆண்டுகளிலும் பத்துப் பத்து அலகுகள் உள்ளன. பதினொன்றில் உடற்கல்வியின் போக்குகளும் பணி வாய்ப்புகளும், ஒலிம்பிக் நெறி, யோகா, உடற்கூறியலின் அடிப்படைகள், பயிற்சியும் ஊக்கமருந்தும் போன்றவை வருகின்றன. பன்னிரண்டில் போட்டி நிர்வாகம், குழந்தைகளும் பெண்களும் விளையாட்டும், வாழ்க்கைமுறை நோய்களுக்கான யோகா, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான விளையாட்டு, ஊட்டச்சத்து, சோதனையும் அளவீடும், உடலியங்கியலும் காயங்களும், உயிரியக்கவியல், உளவியல், பயிற்சி முறைகள் என்ற வரிசை.

இந்தப் பத்தையும் பத்துத் தனிப் பாடங்களாக மனப்பாடம் செய்ய முயல்வதே பெரும்பாலானவர்களைச் சோர்வடையச் செய்கிறது. நான் வலியுறுத்திச் சொல்ல விரும்பும் வழி ஒன்று உண்டு: முதல் மாதத்திலேயே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பாடம் முழுவதையும் அந்த ஆட்டத்தின் வழியாகவே படியுங்கள். செய்முறைத் தேர்வுக்கு எப்படியும் ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தாக வேண்டும். அதையே எழுத்துத் தேர்வுக்கும் துணையாக்கிக்கொள்வதுதான் இதன் நோக்கம்.

வாலிபாலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வலை கட்டிய திடல் இல்லாத ஊரைக் காண்பது அரிது. எதிரணியின் சர்வீஸை எடுக்க நிற்பவர் கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, உடலைச் சற்று முன்னே சாய்த்து நிற்கிறார். தாங்குதளத்தை அகலப்படுத்தி ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தினால் நிலைத்தன்மை கூடும் என்ற உயிரியக்கவியல் விதி அந்த நிலையில்தான் இருக்கிறது. ஸ்பைக் அடிக்கத் தரையை உதைத்து எழும்புகையில் நியூட்டனின் மூன்றாம் விதி வேலை செய்கிறது. சர்வீஸ் செய்த பந்து காற்றில் போகும் பாதை எறிபொருள் இயக்கத்துக்கு எடுத்துக்காட்டு. வலைக்கருகே குதித்து இறங்கும்போது கணுக்கால் பிசகுவது இந்த ஆட்டத்தில் வழக்கமாக நேரும் காயம். எலும்போடு எலும்பை இணைக்கும் நார் இழுபட்டால் அது சுளுக்கு, தசையோ தசையை எலும்போடு இணைக்கும் நாணோ இழுபட்டால் அது 'ஸ்ட்ரெயின்' எனப்படும் தசைப்பிசகு என்ற வேறுபாட்டை இந்த ஒரு நிகழ்விலிருந்தே நினைவில் நிறுத்தலாம். காயம்பட்ட இடத்தைக் காத்தல், ஓய்வு, பனிக்கட்டி ஒத்தடம், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முதலுதவி வரிசையும் உடன் வந்துவிடும். தேர்வில் 'விளையாட்டிலிருந்து எடுத்துக்காட்டுடன் விளக்குக' என்று கேட்கும்போது, நூலில் உள்ளதை எழுதுபவருக்கும் தாம் ஆடியதை எழுதுபவருக்கும் உள்ள வேறுபாடு விடைத்தாளில் உடனே தெரியும்.

கபடி, கோகோ, கால்பந்து, பூப்பந்து, தடகளம், சதுரங்கம் என இந்திய ஒலிம்பிக் சங்கம் ஏற்றுக்கொண்ட எந்த விளையாட்டையும் எடுக்கலாம். பள்ளியில் திடலும் பயிற்றுநரும் இருக்கும் ஆட்டத்தைத் தேர்வு செய்வதே அறிவுடைமை. நீச்சல் பிடிக்கும் என்பதற்காக, குளமே இல்லாத பள்ளியில் அதைத் தேர்ந்துவிட்டு இரண்டாண்டும் தனியாகத் தவிக்க வேண்டாம்.

மூன்றாவதாக: அளந்து எழுதும் பழக்கத்தை ஜூன் மாதமே தொடங்குங்கள்

செய்முறையின் 30 மதிப்பெண் ஐந்தாகப் பிரிகிறது: உடற்தகுதிச் சோதனைக்கு 6, விளையாட்டுத் திறனுக்கு 7, யோகப் பயிற்சிக்கு 7, பதிவேட்டுக்கு 5, வாய்மொழித் தேர்வுக்கு 5. முதல் மூன்றையும் கடைசி மாதத்தில் திடீரென்று உருவாக்க முடியாது. உடலுக்குப் பழக நாள் வேண்டும்.

உடற்தகுதிக்குக் கேலோ இந்தியா சோதனைத் தொகுதி பின்பற்றப்படுகிறது. உயர்நிலை வகுப்பினருக்கு உடல் நிறைக் குறியீட்டெண், 50 மீட்டர் வேக ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து முன்னே எட்டித் தொடும் நெகிழ்வுச் சோதனை, வயிற்றுத் தசைக்கான பாதி எழும்பல், ஆண்களுக்குத் தண்டால், பெண்களுக்கு முழங்கால் ஊன்றிய தண்டால் ஆகியவை இதில் அடங்கும். உடற்குறையுள்ள மாணவர்களுக்குப் பிராக்போர்ட் சோதனைத் தொகுதி உண்டு. ஆஸ்துமா, இதயக் கோளாறு, அண்மையில் செய்துகொண்ட அறுவை சிகிச்சை போன்றவை இருந்தால் முதல் வாரத்திலேயே மருத்துவச் சான்றோடு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். தயங்கி மறைத்துவிட்டு 600 மீட்டரில் மூச்சுத் திணறுவது ஆபத்தானது.

ஒரு சிறு நோட்டில் தேதி போட்டு இந்த அளவுகளை மாதம் ஒருமுறை எழுதி வாருங்கள். 600 மீட்டரில் பலர் செய்வது, முதல் 200 மீட்டரை முழு வேகத்தில் ஓடிவிட்டுப் பிறகு நடப்பது. மூன்று 200 மீட்டருக்கும் தனித்தனியே நேரம் குறித்துப் பார்த்தால் எங்கே தளர்கிறோம் என்பது எண்ணாகவே தெரியும். முதல் பகுதியைச் சற்று அடக்கி ஓடினால் மொத்த நேரம் குறைவதையும் காணலாம்.

எழுத்துத் தேர்வில் வரும் ஹார்வர்டு படிச் சோதனையையும் இப்படியே ஒருமுறை செய்து பாருங்கள். ஆண்களுக்கு 20 அங்குல உயரப் படியில், நிமிடத்துக்கு 30 முறை வீதம், 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். முடித்து உட்கார்ந்த பின், ஒரு நிமிடம் கழிந்ததிலிருந்து ஒன்றரை நிமிடம் வரையான அரை நிமிடத்தில் நாடித் துடிப்பை எண்ண வேண்டும். துடிப்பு 75 என்று வைத்துக்கொண்டால், சுருக்க முறையில் கணக்கு இப்படி வரும்: ஏறி இறங்கிய 300 நொடியை 100ஆல் பெருக்கினால் 30,000, 5.5ஐ 75ஆல் பெருக்கினால் 412.5, முன்னதைப் பின்னதால் வகுத்தால் தகுதிக் குறியீடு ஏறத்தாழ 72.7. சொந்த மணிக்கட்டில் துடிப்பை எண்ணிப் போட்ட இந்தக் கணக்கு தேர்வறையில் மறக்காது. ஒத்திசைவுக்கு மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் கருவி வேண்டும். கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கிறது. அருகில் ஒருவர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

நான்காவதாக: பதிவேட்டைத் தவணை முறையில் முடியுங்கள்

பதிவேட்டில் மூன்று பகுதிகள் வர வேண்டும்: உடற்தகுதிச் சோதனைகளை நடத்தும் முறை, வாழ்க்கைமுறை நோய் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆசனங்கள், தேர்ந்தெடுத்த ஆட்டத்தின் ஆடுகளப் படம், விதிகள், கலைச்சொற்கள், திறன்கள். ஐந்து மதிப்பெண்தானே என்று இதைத் தள்ளிப்போடுவதுதான் எங்கும் நடப்பது. ஆனால் வாய்மொழித் தேர்வில் கேள்விகள் பெரும்பாலும் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டேதான் கேட்கப்படும். அக்காளின் பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதியவர் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவார்.

ஆடுகளப் படத்தை அளவுத் திட்டத்தோடு வரையுங்கள். வாலிபால் களம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று எடுத்தால் 18க்கு 9 சென்டிமீட்டர் என்று பதிவேட்டுத் தாளில் அழகாக அமையும். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 3 மீட்டரில் தாக்குதல் கோடு. வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர், கோடுகளின் அகலம் 5 சென்டிமீட்டர். வரைந்து முடித்ததும் நாடாவை எடுத்துக்கொண்டு பள்ளித் திடலை ஒருமுறை அளந்து பாருங்கள். பல திடல்களில் தாக்குதல் கோடு இடம் மாறியிருக்கும், வலை தாழ்ந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துத் திருத்திய மாணவரிடம் யார் வந்து எந்த அளவைக் கேட்டாலும் விடை தயாராக இருக்கும்.

ஆசனப் பகுதிக்கு உடற்பருமன், நீரிழிவு, ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம், முதுகுவலியும் மூட்டழற்சியும் என ஐந்து தலைப்புகள் உள்ளன. ஆக மொத்தம் பத்து ஆசனங்கள். ஒவ்வொன்றுக்கும் செய்முறை, பயன், யார் செய்யக்கூடாது என்ற மூன்றையும் எழுத வேண்டும். மூன்றாவதை விட்டுவிடுபவர்கள் மிகுதி. புஜங்காசனம் முதுகுவலிக்கும் நீரிழிவுக்கும் பட்டியலில் வருகிறது. ஆனால் குடலிறக்கம் உள்ளவர்களும், வயிற்றில் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், கருவுற்றவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும். நோய்க்கு ஆசனம் பரிந்துரைக்கும் பாடத்தில் இந்த எச்சரிக்கைதான் மிகவும் பொறுப்பான வரி என்பது என் கருத்து. எழுதும் பத்து ஆசனங்களையும் செய்தும் பழகுங்கள். யோகத்துக்கான 7 மதிப்பெண்ணும் அதிலேயே அடங்கிவிடும்.

ஐந்தாவதாக: எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போது

மூன்று மணி நேரத் தாளில் 37 வினாக்கள் இருக்கும். சில பிரிவுகளில் தேர்ந்தெடுத்து எழுத இடமுண்டு என்பதால் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. ஒரு மதிப்பெண் வினாக்கள் 18. இரண்டு மதிப்பெண்ணுக்கு ஐந்தும், மூன்று மதிப்பெண்ணுக்கு ஐந்தும் எழுத வேண்டும். தலா நான்கு மதிப்பெண்ணில் சூழல் சார்ந்த வினாக்கள் மூன்று. ஐந்து மதிப்பெண்ணில் மூன்று. அண்மை ஆண்டுகளில் இந்த அமைப்பே இருந்துவருகிறது. உங்கள் ஆண்டின் மாதிரித் தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

போட்டி நிர்வாகத்தில் வரும் அட்டவணைக் கணக்கு, புரிந்தவருக்கு முழு மதிப்பெண். புரியாதவருக்கு முழு இழப்பு. ஆகவே இதை விரிவாகவே சொல்கிறேன். 19 அணிகள் நாக்-அவுட் முறையில் ஆடுகின்றன என்று கொள்வோம். ஆட்டத்துக்கு ஓர் அணி வெளியேறுவதால் மொத்த ஆட்டங்கள் 18. அணிகளின் எண்ணிக்கைக்கு அடுத்து வரும் இரண்டின் அடுக்கு 32. அதிலிருந்து 19ஐக் கழித்தால் 13 அணிகளுக்கு முதல் சுற்றில் 'பை', அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பு, கொடுக்க வேண்டும். மேல் பாதியில் 10 அணிகள், கீழ்ப் பாதியில் 9 அணிகள். பைகளில் 6 மேலே, 7 கீழே. முதல் பை கீழ்ப் பாதியின் கடைசி அணிக்கு, இரண்டாவது மேல் பாதியின் முதல் அணிக்கு, மூன்றாவது கீழ்ப் பாதியின் முதல் அணிக்கு, நான்காவது மேல் பாதியின் கடைசி அணிக்கு என்று இதே வரிசை தொடரும். சரியாகப் போட்டோமா என்று பார்க்க ஒரு வழி: மேலே 10ஐயும் 6ஐயும் கூட்டினால் 16, கீழே 9ஐயும் 7ஐயும் கூட்டினால் 16. இரண்டும் ஒத்து வர வேண்டும். இதே 19 அணிகளை, ஒவ்வொன்றும் மற்ற எல்லா அணிகளோடும் மோதும் லீக் முறையில் ஆடவிட்டால் 171 ஆட்டங்கள் நடத்த வேண்டியிருக்கும். ஊர்ப் போட்டிகள் ஏன் நாக்-அவுட்டில் நடக்கின்றன என்பது இந்த எண்ணைப் பார்த்தாலே புரியும். பள்ளியில் வகுப்புகளுக்கிடையே போட்டி வரும்போது அட்டவணை போடும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

உயிரியக்கவியல், பயிற்சி முறைகள், சோதனையும் அளவீடும் ஆகிய மூன்று அலகுகளுக்கும் மதிப்பெண் சற்றுக் கூடுதல். அறிவியல் பின்னணி இல்லாத மாணவர்கள் அஞ்சுவதும் இவற்றைத்தான். 1937ஆம் ஆண்டு சுவீடனின் கோஸ்டா ஹோல்மர் உருவாக்கிய, வேகத்தை விருப்பம்போல் மாற்றி மாற்றி ஓடும் ஃபார்ட்லெக் பயிற்சியை ஒரு மாலை ஓட்டத்தில் செய்து பார்த்துவிட்டுப் படித்தால், சீரான ஓட்டத்துக்கும் இடைவெளிப் பயிற்சிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு சொல்லித்தராமலே விளங்கும். முதியோருக்கான ரிக்லி-ஜோன்ஸ் சோதனையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் நடத்திப் பாருங்கள்: 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது என்பது அதன் முதல் சோதனை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிவைத்து, அருகிலேயே நில்லுங்கள்.

சிறப்புத் தேவையுள்ளவர்களுக்கான அலகை வரையறைகளாக மட்டும் படித்துக் கடந்துவிடாதீர்கள். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்; டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரீசில் வெண்கலமும் பெற்றார். குறைபாட்டின் தன்மைக்கேற்ப வீரர்களை வகைப்படுத்திப் போட்டி நடத்துவது ஏன் தேவை என்பதை அவர் ஆடிய பிரிவை முன்வைத்துப் படித்தால், பாராலிம்பிக், சிறப்பு ஒலிம்பிக், செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக் ஆகிய மூன்றையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

ஊட்டச்சத்தும் உளவியலும் படித்தால் புரிகிற பகுதிகள். கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெண் விளையாட்டு வீரர்களிடம் காணப்படும் மூவகைக் கோளாறுகளான உண்ணும் பழக்கக் கோளாறு, மாதவிடாய் நிற்றல், எலும்புத் தேய்மானம் பற்றிய பகுதியைச் சில வகுப்புகளில் கூச்சத்தால் விரைந்து கடந்துவிடுகிறார்கள். அது அடிக்கடி வினாவாக வருகிறது என்பது ஒருபுறம் இருக்க, திடலுக்கு வரும் ஒவ்வொரு பெண்ணும், அவரைப் பயிற்றுவிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

விடைகளை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டியிருப்பதால், தமிழில் புரிந்துகொண்டதை நான்கைந்து வரிகளில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கும் பயிற்சி தேவை. நீண்ட விடைகளுக்குப் படம் போடுங்கள். அட்டவணை, ஆடுகள அமைப்பு, உடல் நிலை ஆகியவற்றை வார்த்தையில் விவரிப்பதைவிடப் படம் நேரத்தையும் காக்கும்.

செய்முறைத் தேர்வும் அதற்குப் பின்னும்

செய்முறைத் தேர்வு வழக்கமாக ஜனவரியிலிருந்தும், எழுத்துத் தேர்வு பிப்ரவரி நடுவிலிருந்தும் தொடங்கும். செய்முறைக்கு முந்தைய வாரம் புதிதாக எதையும் பயிற்சி செய்ய வேண்டாம். பழகிய காலணியோடு, போதிய உறக்கத்தோடு, உடலைத் தளர்த்தும் பயிற்சிகளை முடித்துவிட்டுக் களத்தில் இறங்குங்கள். வாய்மொழித் தேர்வில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று பணிவோடு சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்வது நல்லது.

இந்தத் துறையிலேயே தொடர விரும்புகிறவர்களுக்கு வழிகள் பல உள்ளன. ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி சென்னை நந்தனத்தில் இருக்கிறது. வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உள்ளது. குவாலியரில் 1957இல் நிறுவப்பட்ட லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனம் நாடறிந்தது. பயிற்றுநராக விரும்புவோர், 1961இல் தொடங்கப்பட்ட பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பை இலக்காக வைத்துக்கொள்ளலாம். பள்ளி உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமென்றால் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு பி.பி.எட். என்ற இரண்டாண்டு உடற்கல்வியியல் பட்டப் படிப்பைப் படிப்பது ஒரு வழி. இவற்றில் சேர்வதற்கு மதிப்பெண்ணோடு உடற்தகுதித் தேர்வும் ஆட்டத் திறன் தேர்வும் வைக்கப்படுவது வழக்கம் என்பதால், எழுத்துத் தேர்வுக்கான பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் நாளுக்கு அரை மணி நேரமாவது ஓட்டத்தையும் ஆட்டத்தையும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை அறிவிப்புகள் பொதுத்தேர்வு முடிவுகளுக்கு முன்பே வரக்கூடும். ஏப்ரல் முதலே அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்து வரவும், மருத்துவத் தகுதிச் சான்றையும் விளையாட்டுச் சான்றிதழ்களின் நகல்களையும் ஒரே உறையில் எடுத்து வைக்கவும்.